மீட்டரில் ஏறாத ஊர்வலங்கள்

திண்டுக்கல்லில் இந்தப் பதினேழு பதினெட்டு வருஷத்தில் கல்யாணம் முடித்த மாப்பிள்ளைகளில் பாதிப் பேரை நான்தான் மண்டபத்தில் கொண்டுபோய் இறக்கினேன். இதைச் சொன்னால் என் வீட்டுக்காரர், "பாதியெல்லாம் ரொம்ப ஓவரு, அளந்து பேசு" என்பார். அவர் குணம் அது. வீட்டில் ஒருவர் அளந்து பேசினால் போதும் என்று நான் விட்டுவிடுவேன்.

எங்கள் தொழில் கல்யாண வண்டி. அவர் பூ அலங்காரம், நான் டிரைவர். வண்டி என்றால் ஏதோ ஒரு வண்டி இல்லை. இரண்டே கதவு வைத்த, துணிக்கூரையை மடக்கினால் வானம் தெரிகிற, சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். வெளிநாட்டில் செய்து கப்பலில் வந்தது. ஊரில் ஒரு மில் முதலாளி ஆசைப்பட்டு வாங்கினார். வாங்கிய பிறகுதான் இந்த ஊர் வேகத்தடை ஒவ்வொன்றும் அதன் அடிவயிற்றைத் தேய்க்கும் என்று அவருக்குத் தெரிந்தது. கொஞ்ச காலம் ஷெட்டில் போட்டுவைத்துவிட்டு வந்த விலைக்குத் தள்ளிவிட்டார். வாங்கியது நாங்கள். பூக்கடைக்காரனுக்கு எதற்குப் பந்தயக் கார் என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். பின்சீட்டின் மேல்விளிம்பில் மாப்பிள்ளையை உட்காரவைத்தால் தெருக்கோடி மாடியில் நிற்பவருக்கும் அவர் முகம் தெரியும். என் வீட்டுக்காரர் கண்ணில் பட்டது அது ஒன்றுதான். சிரித்தவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் பிறகு இந்த வண்டிதான் போனது.

முதலில் ஒரு டிரைவர் வைத்திருந்தோம். ஒரு மாப்பிள்ளை அழைப்பு அன்று சாயங்காலம் அவன் நேராக நிற்க முடியாத நிலையில் வந்து சேர்ந்தான். பூ கட்டி முடித்தாயிற்று, நாதஸ்வரக்காரர்கள் வந்தாயிற்று, மாப்பிள்ளை கோட்டுப் போட்டு வேர்த்துக்கொண்டு நிற்கிறார். என்னிடம் லைசென்ஸ் இருந்தது. கடை வேனை நிலக்கோட்டைச் சந்தைக்கு ஓட்டிப் போய்ப் பூ எடுத்து வருவது நான்தான். சாவியை வாங்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். மாப்பிள்ளையின் அப்பா என் வீட்டுக்காரரைத் தனியே இழுத்துப்போய், "என்ன அப்பு, பொம்பளையா ஓட்டுறது?" என்று கேட்டார். அந்தத் தனிமை எனக்கு நன்றாகவே கேட்டது. "ஆமாங்க. மாப்பிள்ளைய ஏறச் சொல்லுங்க, நேரமாகுது" என்று நானே பதில் சொன்னேன். மண்டபத்து வாசலில் இறங்கியதும் அதே மனிதர் என் பக்கம் வந்து, "வண்டி நகந்ததே தெரியலம்மா" என்றார். இதைவிடப் பெரிய பாராட்டை நான் அதற்குப் பிறகு யாரிடமும் எதிர்பார்த்ததில்லை.

ஊர்வல வண்டி ஓட்டுவது சும்மா உட்கார்ந்திருப்பது போலத்தான் வெளியே தெரியும். உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும் சங்கதி. முன்னால் நாதஸ்வரம் போகும், அல்லது பேண்டு செட்டு. அதற்கும் வண்டிக்கும் நடுவில் மாப்பிள்ளையின் கூட்டாளிகள் ஆடுவார்கள். எந்த நேரத்தில் நிற்பார்கள், எந்த நேரத்தில் பின்னால் சாய்வார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. எனக்குத் தெரிந்தாக வேண்டும். முதல் கியரிலேயே, கிளட்சை முழுக்க விடாமல், மனிதர்கள் நடக்கிற வேகத்துக்கும் குறைவாக வண்டியை நகர்த்த வேண்டும். நின்றது தெரியக் கூடாது, கிளம்பியது தெரியக் கூடாது. வெடுக்கென்று இழுத்தால் மேலே விளிம்பில் உட்கார்ந்திருக்கிற மாப்பிள்ளை மல்லாக்க விழுவார். ரயில் பாலத்து ஏற்றத்தில் தவில்காரர் உற்சாகம் வந்து நின்று வாசிக்க ஆரம்பித்துவிட்டால், அவர் கை ஓயும்வரை கிளட்சிலும் ஆக்ஸிலரேட்டரிலுமே வண்டியைப் பிடித்துவைத்திருப்பேன். ஒரு விரற்கடை பின்னால் போகாது. பேகம்பூர் பக்கம் நிக்காஹ் ஊர்வலமென்றால் மாப்பிள்ளையின் முகத்தில் பூச்சரம் திரைபோலத் தொங்கும். அந்தச் சரம் ஆடாமல் ஓட்டுவது யாரென்று அந்தத் தெருக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள்.

என் வீட்டுக்காரரும் சளைத்தவர் இல்லை. ஊரில் மற்றவர்கள் டேப்பு ஒட்டிப் பூ கட்டுவார்கள், பெயிண்ட் உரிந்துகொண்டு வரும். இவர் நூலும் துணியும் தவிர வேறு எதுவும் வண்டிமேல் படவிட மாட்டார். வாணவேடிக்கைப் பொறி விழும் என்று முன்பக்க மூடிமேல் ஈரச்சாக்கு விரித்து, அதன்மேல் பூவைப் பரப்பி மறைப்பார். அப்படியும் சில பொறிகள் தப்பி விழுந்து, மிளகு அளவுக்குப் புள்ளிகள் இருக்கின்றன.

இப்படிப் போய்க்கொண்டிருந்ததில் என் இடது முழங்கால் கெட்டது. கிளட்ச் மிதிக்கிற கால். மதுரையில் எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, உள்ளே சவ்வு தேய்ந்திருக்கிறது, நடக்கலாம், மாடி ஏறுவதைக் குறைக்க வேண்டும், கிளட்ச் மட்டும் மிதிக்கவே கூடாது என்றார். சொந்தக்காரர்களுக்கு இது போதாதா? "இம்புட்டு நாள் ஓட்டுனது காணாதா, வீட்ல உக்காரு" என்று ஆள் ஆளுக்கு ஆரம்பித்தார்கள். வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது என்று எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. சமையலையே பாதிநாள் அவர்தான் செய்கிறார்.

டிரைவர் வைக்கலாம் என்றார் இவர். என் சீட்டில் இன்னொருவன் உட்கார்ந்திருக்க நான் நடைபாதையில் நின்று பார்ப்பதா? அதற்கு வண்டியையே விற்றுவிடலாம் என்று கத்தினேன். கத்தியது ஒரு வழியையும் காட்டியது. சென்னையில் துணிக்கூரை வைத்த ஒரு பழைய வண்டி விலைக்கு இருந்தது, ஆட்டோமேட்டிக். கிளட்சே கிடையாது, வலதுகால் மட்டும் போதும். எங்கள் வண்டிக்கு நல்ல விலை கிடைத்தால் அதை வாங்கிவிடலாம், ஆவணி முகூர்த்தத்துக்கு நான் மறுபடி சீட்டில் இருப்பேன். கிடைக்காவிட்டால் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

திருப்பூரில் இருக்கும் எங்கள் மகள் போனில் விளம்பரம் போட்டாள். படத்தோடு மீட்டரையும் எடுத்துப் போட்டிருந்தாள். அதற்குத்தான் கூட்டம். மீட்டரில் ஏறியிருந்தது இருபதாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். அந்த வயதில் அவ்வளவு குறைவாக ஓடிய வண்டி தென்னாட்டிலேயே இல்லை என்றாள். "அம்மா, கல்யாண வண்டின்னு நீயா வாயத் தொறக்காத. கேட்டா மட்டும் சொல்லு. கேக்காததச் சொல்லி வெலயக் கெடுத்துறாத" என்று என்னிடம் ஒரு தடவை, அவள் அப்பாவிடம் நாலு தடவை சொன்னாள். என் வாயைப் பற்றி அவளுக்குத் தெரியும்.

கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் வந்தார். நாற்பது வயது இருக்கும். பழைய ஸ்போர்ட்ஸ் கார்களை வாங்கிச் சேர்ப்பவர், நாலைந்து வைத்திருக்கிறாராம். கூடவே அவருடைய மெக்கானிக். கார்க்காரர் நல்ல மனிதர், அதைச் சொல்லியாக வேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டு வண்டியைச் சுற்றி வந்தார். பெயிண்டின் கனத்தை அளக்கிற சின்னக் கருவி ஒன்றைக் கதவிலும் மூடியிலும் வைத்து வைத்துப் பார்த்தார். அந்த மிளகுப் புள்ளிகளைத் தவிர, தொழிற்சாலையில் அடித்த பெயிண்ட் அப்படியே இருக்கிறது என்று தெரிந்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. என் வீட்டுக்காரர் நூலில் பூ கட்டியதன் பலன் அது. இவர் என்னைப் பார்த்து மீசைக்குள் சிரித்தார்.

காபி குடித்துக்கொண்டே அவர் எங்களுக்கு விலைக் கணக்கைச் சொன்னார். "ஏனுங்க்கா, சாதா வண்டின்னா வருஷம் ஆக ஆக வெல எறங்கிட்டே போகுமுங்க. இந்த மாதிரி வண்டி அப்படி இல்லீங்க. ஒரு வயசு வரைக்கும் எறங்கும், அப்பறம் நிக்கும். அதுக்கு மேல எந்த வண்டி கெடாம, அதிகம் ஓடாம, யாரும் கைவெக்காம தப்பிச்சு வந்திருக்குதோ அது மட்டும் ஏறுமுங்க. ஓடாம நின்னே போன வண்டியும் ஆகாதுங்க. ரப்பரெல்லாம் இறுகிப்போயிரும், டேங்கு துருப்புடிச்சிரும். கொஞ்சமா ஓடி, நல்லாப் பாத்துக்கிட்ட வண்டி வேணும். அது சிக்கறதில்லீங்க."

"எங்களுது அப்படித்தான் தம்பி" என்றேன். அதில் பொய் ஒன்றுமில்லை.

"ஆயில் எத்தன கிலோமீட்டருக்கு மாத்துவீங்க?"

"கிலோமீட்டர் கணக்கு இல்ல தம்பி. முகூர்த்த மாசம் முடிஞ்சா மாத்திருவோம்."

அவர் அதை எங்கள் வீட்டுப் பழக்கம் என்று எடுத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை வீடு துடைப்பதைப்போல ஏதோ ஒன்று என்று நினைத்திருப்பார். என் வீட்டுக்காரர் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார், நல்லவேளை வலதுகால். காபியை எடுத்துக் குடித்தேன்.

கார்க்காரர் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றார். அவர் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார, தாடிக்கொம்பைத் தாண்டி நாலுவழிச் சாலையில் போனோம். ஐந்தாவது கியருக்கு மாற்றினார். எனக்கு அந்தக் கியர் அவ்வளவு பழக்கமில்லை, பழனிக்கு வெளியூர் கல்யாணத்துக்குப் போகும்போது சில சமயம் போட்டிருக்கிறேன். வண்டி ஒரு குரல் கொடுத்துக்கொண்டு பாய்ந்தது. முந்தானை முகத்தில் அடித்தது, இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு பின்னால் ஓடியது. எங்கள் வண்டிக்கு இப்படியும் ஓடத் தெரியும் என்பதில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவர் அத்தோடு விட்டிருக்கலாம்.

"அஞ்சாவது கியர் புதுசாட்டம் இருக்குதுங்க்கா. இந்த வண்டி ஓடவே இல்லீங்களே, பாவம்" என்றார்.

நான் பறந்த முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து இறங்கியதும் அவர் விலை சொன்னார். சென்னை வண்டியை வாங்கி, அதற்குமேல் கையில் நிற்கிற விலை. என் வீட்டுக்காரர் உட்கார்ந்த இடத்திலேயே நிமிர்ந்துவிட்டார். கார்க்காரர் போனை எடுத்து அவர் நண்பர் யாரிடமோ சந்தோஷம் பொங்கச் சொன்னார்: "ஓடாத வண்டிங்க. அப்படியே நிறுத்தி வெச்சிருந்திருக்காங்க. இத்தன வருஷமா யாருமே ஒழுங்கா ஓட்டல. நமக்காகவே வெச்சிருந்த மாதிரி."

யாருமே ஓட்டவில்லையாம். எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ, கையிலிருந்த டம்ளரைத் திண்ணையில் டங்கென்று வைத்தேன். என் வீட்டுக்காரர், "இந்தா, செத்த நேரம் சும்மா இரு" என்றார். அந்தச் செத்த நேரம்கூட என்னால் இருக்க முடியவில்லை.

"தம்பி, போன வைங்க. இது கல்யாண வண்டி. ஒரு மாப்பிள்ளை அழைப்பு மூணு மணி நேரம் போகும். மூணு மணி நேரமும் இஞ்சின் ஓடும், முதல் கியர்ல, சித்திரை வெயில்ல. மீட்டர்ல ரெண்டு கிலோமீட்டர் ஏறுனா அதிகம். நீங்க பாத்தீங்களே அந்த இருபதாயிரம், அது வண்டி போன தூரம். வண்டி பாத்த வேலை அதுல இல்ல. கிளட்ச் பிளேட்டு எத்தன தடவ மாத்துனோம்னு எனக்கே மறந்துபோச்சு. சூடாகாம இருக்க உள்ள ரெண்டாவதா ஒரு ஃபேன் வச்சிருக்கோம், எட்டிப் பாருங்க. பின்சீட்டு விளிம்புல கைய வச்சுத் தடவிப் பாருங்க. பள்ளமா இருக்கும். இந்த ஊரு மாப்பிள்ளைக உக்காந்து உக்காந்து விழுந்த பள்ளம்."

அவர் மெக்கானிக்கைப் பார்த்தார். மெக்கானிக் குனிந்து படுத்து, எழுந்து, "ஆமாங்க" என்று மட்டும் சொன்னார்.

கார்க்காரருக்குக் கோபம் வரவில்லை, அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தார். "நீங்க சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காதுங்க்கா. ஏன் சொன்னீங்க?"

நேர்மை அது இது என்று ஏதாவது சொல்லியிருந்தால் அழகாக இருந்திருக்கும். எனக்குத் தோன்றியது அது இல்லை. "ஓடாத வண்டின்னா நான் ஓட்டவே இல்லைன்னு ஆயிருமே தம்பி" என்றேன். பதினேழு வருஷம் இந்த ஊர்த் தெருக்களில் நான் ஓட்டிய ஓட்டம் முழுக்க ஒரு மீட்டரில் ஏறவில்லை என்பதற்காக இல்லை என்று ஆகிவிடுமா? அந்த விலையை வாங்கிக்கொண்டால் நான் அதற்குச் சரி என்று தலையாட்டியதாகத்தானே அர்த்தம்.

அவர் நியாயமாகத்தான் விலையைக் குறைத்தார். இஞ்சினைப் பிரித்துப் பார்க்காமல் நம்ப முடியாது, இரண்டாவது ஃபேனுக்காக உள்ளே வெட்டியிருக்கிறது, பின்பக்கத் தகட்டை எடுத்து அடித்துச் சரிசெய்ய வேண்டும். பெயிண்டுக்கு மட்டும் முழு மதிப்புக் கொடுத்தார். எல்லாம் கழித்து வந்த தொகை முதலில் சொன்னதில் பாதி. சென்னை வண்டி அதற்குள் அடங்காது. என் வீட்டுக்காரர் என்னைத் திட்டவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி, மறுபடி போட்டுக்கொண்டார்.

என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. சுவரைப் பிடித்து எழுந்து வண்டியிடம் நடந்தேன். கால் நொண்டியதை மெக்கானிக் பார்த்துவிட்டார் போலிருக்கிறது. "கால்ல என்னங்கம்மா?" என்று கேட்டார். டாக்டர் சொன்னதைச் சொன்னேன், சென்னை வண்டியைப் பற்றியும் சொன்னேன்.

"அதுக்கு எதுக்குங்க வேற வண்டி?" என்றார் அவர். "இதுலயே கைக் கிளட்ச் போட்டுக்கலாமுங்களே. கியர்க்கம்பி ஓரமா ஒரு பிடி வரும். பிடிய இறுக்குனா கிளட்ச் மிதிச்ச மாதிரி, விட்டா கால எடுத்த மாதிரி. கால் சரியில்லாதவங்க நாலஞ்சு பேருக்கு நானே போட்டுக் குடுத்திருக்கறனுங்க. ஆர்டிஓ ஆபீஸ்ல காட்டி எழுதி வாங்கிக்கோணும், அவ்வளவுதானுங்க."

"அரைக் கிளட்ச் நிக்குமா அதுல? கையில?"

"பழகுனா காலை விட நல்லா நிக்குமுங்க."

கார்க்காரர் பதறிப்போய் எழுந்து வந்தார். "ஏனுங்க, அதை மட்டும் பண்ணிராதீங்க. கியர் பக்கத்துல இருக்கற பலகைய அறுக்கோணும், பெடல்ல வெல்டிங் வெக்கோணும். அதுக்கப்பறம் ஒரிஜினல்னு சொல்லவே முடியாதுங்க. பெயிண்டுக்கு நான் போட்ட மதிப்புக்கூடப் போயிரும். இப்பக் குடுக்கறதுல பாதிகூட யாரும் தரமாட்டாங்க. சேர்க்கறவங்க யாரும் திரும்பியே பாக்க மாட்டாங்க."

"யாருமே வாங்க மாட்டாங்களா?"

"காயலாங்கடைக்குத்தானுங்க்கா."

நான் கதவைத் திறந்து சீட்டில் உட்கார்ந்தேன். வலதுகையை ஸ்டீயரிங்கில் வைத்துக்கொண்டு, இடதுகையால் கியர்க்கம்பியின் ஓரத்தில் இல்லாத ஒரு பிடியைப் பிடித்துப் பார்த்தேன். விரலை மெல்ல மெல்லத் தளர்த்தினேன். தவில் நிற்கிற இடம் எனக்குள் கேட்டது. அந்த இடத்தில் பிடியை இறுக்கினேன். கை கேட்டபடி நின்றது.

"போட்டுருங்க" என்று மெக்கானிக்கிடம் சொன்னேன்.

கார்க்காரர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். இவராவது புத்தி சொல்வார் என்ற நம்பிக்கை அவர் முகத்தில் தெரிந்தது. ஊரே அளந்து பேசுகிறவர் என்று சொல்கிற என் வீட்டுக்காரர் எழுந்து வந்து, வண்டிக்குள் தலையை விட்டு, மெக்கானிக் காட்டிய இடத்தை உற்றுப் பார்த்தார்.

"அந்தப் பிடில மல்லிகைச்சரம் சுத்தலாமா," என்று கேட்டார், "இல்ல, இவ கைக்கு வழுக்குமா?"